ஃபேடரைத் தள்ளினால் விடிய வேண்டும்

நண்பரின் இசைக்குழுவுக்குப் பின்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணியில், முதல் பாட்டுக்கு விடியற்காலை வர வேண்டும். கருமை, கருநீலம், பிறகு மெல்ல மெல்ல ஆரஞ்சு. படம் கணினியில் தயாராக இருந்தது. அதன் வெளிச்சத்தை ஏற்றுவதற்கு நானே செய்த ஒரு பெட்டியும் மேஜை மேல் இருந்தது. எட்டு ஃபேடர்கள் கொண்டது. ஒலிக்கலவைப் பலகையில் மேலும் கீழும் தள்ளுவார்களே, அந்தச் சறுக்குக் கட்டைக்குத்தான் ஃபேடர் என்று பெயர். பாடகர் ஆலாபனையைத் தொடங்கினார். நான் தள்ளினேன். கால் தூரம் போயிற்று, இருட்டு. பாதி தூரம், இன்னமும் இருட்டு. பொறுமையிழந்து கொஞ்சம் வேகமாகத் தள்ளியதும் விடியவில்லை, ஒரேயடியாக உச்சிவெயில் அடித்தது. முன்வரிசையில் இருந்த குழந்தை கண்ணைப் பொத்திக்கொண்டது.

கணினியில் கோளாறு இல்லை, நான் எழுதிய நிரலிலும் இல்லை. மறுநாள் மல்டிமீட்டரை வைத்து அளந்தபோதுதான் குற்றவாளி பிடிபட்டது. அது யார் என்று சொல்வதற்கு முன், இந்தப் பெட்டி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய கச்சேரிகளில் பாடகருக்குப் பின்னால் எல்.இ.டி. திரையில் படங்கள் பாட்டோடு சேர்ந்து அசைவதைப் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் அது முன்கூட்டியே தொகுத்து வைத்த வீடியோதான். பொத்தானைத் தட்டிவிட்டு ஆள் டீ குடிக்கப் போகலாம். ஆனால் டிரம்ஸ் வாசிப்பவருக்கு அன்றைக்கு மனம் நிறைந்து இன்னும் நான்கு ஆவர்த்தனம் வாசிக்கத் தோன்றினால், அந்த வீடியோ அவருக்காகக் காத்திருக்காது. காத்திருக்கும் படம் வேண்டுமென்றால், படத்தையும் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். அப்படி வாசிப்பவருக்கு வி.ஜே. என்று பெயர். நம் ஊரில் வி.ஜே. என்றால் தொலைக்காட்சித் தொகுப்பாளர் என்றே அர்த்தமாகிவிட்டது. 1981இல் எம்டிவி தொடங்குவதற்கு முன்பே நியூயார்க்கின் இரவு விடுதிகளில் வீடியோ நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டியவர்களுக்கு இருந்த பெயர் அது. தொலைக்காட்சி பிடுங்கிக்கொண்டது.

படத்தை வாசிக்க மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. நெதர்லாந்தின் ரெசல்யூம், கனடாவின் டச்டிசைனர், இணைய உலாவியிலேயே ஓடும், காசு கேட்காத ஹைட்ரா என்று பல உண்டு. எல்லாமே மௌஸுக்கும் விசைப்பலகைக்கும் கட்டுப்படும். ஆனால் மௌஸுக்கு இருப்பது ஒரே ஓர் அம்பு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். அந்த அம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கண்ணும் வேண்டும். கை போகுமிடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது பரதத்தின் இலக்கணம். இங்கே நேர்மாறு. கண் திரையிலும் பாடகர் மீதும் இருக்க, கை இருட்டில் தானாக வழி தெரிந்து போக வேண்டும். குமிழும் பொத்தானும் ஃபேடரும் கொண்ட ஒரு கண்ட்ரோலர் தேவைப்படுவது இதற்காகத்தான். அதை வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி, இந்த ஒன்றை மறந்தால் காசு வீண்.

ஜதி சொல்லும் கம்பி

1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், இரண்டு கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்று அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் செய்த புராஃபட்-600. மற்றது ஜப்பானின் ரோலண்ட் செய்த ஜூப்பிட்டர்-6. ஒன்றில் விரல் வைத்தால் மற்றது பாடியது. சந்தையில் போட்டியிட்ட இரு கம்பெனிகளின் கருவிகள் ஒரே மொழி பேசின. அந்த மொழிதான் மிடி. அதற்காக முன்னின்ற டேவ் ஸ்மித், ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி ஆகிய இருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள்.

மிடிக் கம்பியில் ஒலி போவதில்லை. எண்கள்தான் போகின்றன. என் பெட்டியின் மூன்றாவது ஃபேடரை நகர்த்தினால் 176, 22, 90 என்பதுபோல மூன்று எண்கள் கிளம்பும். 176 என்றால் 'முதல் சேனலில் ஏதோ ஒரு குமிழ் நகர்ந்தது'. 22 என்றால் எந்தக் குமிழ். 90 என்றால் எதுவரை. அவ்வளவுதான் செய்தி. அந்தக் குமிழ் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிக் கம்பிக்கு ஒரு கவலையும் இல்லை.

நட்டுவனார் சொல்லும் ஜதியும் அப்படித்தான். அந்தச் சொற்கட்டுக்குள் தோலும் இல்லை, கட்டையும் இல்லை, காலும் இல்லை. அதைக் கேட்டு மிருதங்கம் பேசும். அதையே கேட்டு ஆடுகிறவரின் பாதம் தரையைத் தட்டும். இசைக்காகப் பிறந்த மிடியைப் படக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் இந்த வழியில்தான். 90 என்ற எண் வயலின் ஒலியின் உரப்பாகவும் இருக்கலாம், திரையில் ஒரு மீனின் நீளமாகவும் இருக்கலாம்.

மிடி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வறுமை என்று பொருள். இந்த மிடியிடமும் ஒரு வறுமை உண்டு. எட்டு இருமங்கள், அதாவது பிட்டுகள், கொண்ட ஒவ்வோர் எண்ணிலும் முதல் இருமம், 'இது கட்டளையா, அளவா?' என்று சொல்வதற்கே செலவாகிறது. மிச்சம் ஏழு. ஏழு இருமத்தில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான் எண்ண முடியும். ஒலியை ஏற்றி இறக்க இது பெரும்பாலும் போதும். படத்துக்கு? 1920 புள்ளி அகலமுள்ள திரையில் ஒரு வட்டத்தை இடமிருந்து வலமாக ஃபேடரால் நகர்த்திப் பாருங்கள். ஒரு படிக்குப் பதினைந்து புள்ளி வீதம் அது தத்தித் தத்திப் போகும். முழுச் சுற்று சுழற்றினால் படிக்கு 2.8 பாகை. வேகமாகத் திருப்பினால் தெரியாது. மெதுவாக, ஒரு தாலாட்டுக்குத் திருப்பும்போது கடிகார முள் போலத் துள்ளும். மெதுவான அசைவில்தான் ஏழ்மை வெளியே தெரிகிறது.

இதற்கு மருந்து உண்டு. இரண்டு எண்களைச் சேர்த்து அனுப்பி 16,384 படிகள் பெறும் வழி பழைய மிடியிலேயே இருக்கிறது. ஆனால் பெட்டியும் மென்பொருளும் இரண்டுமே அதற்கு உடன்பட வேண்டும். 2020இல் வந்த மிடி 2.0 இந்தத் தட்டுப்பாட்டை 32 இருமங்களால் அடியோடு ஒழிக்கிறது. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க நான் செய்வது மூன்றாவது வழி: வந்த எண்ணுக்குப் படம் உடனே தாவாமல், ஐந்தாறு ஃபிரேம்களில் மெல்லச் சென்று சேரும்படி மென்பொருளில் சொல்லிவிடுவது. பெரும்பாலான காட்சி மென்பொருள்களில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. படிகள் மறைந்து, அசைவுக்கு ஒரு எண்ணெய்ப் பசை வந்துவிடும்.

எண்ணிக்கையில் ஏழை என்றாலும் வேகத்தில் மிடியைக் குறை சொல்ல முடியாது. பழைய 5 முனைக் கம்பியில் நொடிக்கு 31,250 இருமங்கள். மூன்று எண்கள் போய்ச் சேர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் ஒரு ஃபிரேமுக்கே 16.7 மில்லி விநாடி. கணினி ஒரு ஃபிரேம் எடுக்கும், புரொஜெக்டர் தன் பங்குக்கு ஒன்றிரண்டு எடுக்கும். தாமதத்துக்குக் கம்பியைத் திட்டுவது, பஸ் லேட்டானதற்கு டிக்கெட்டைத் திட்டுவது போல. போதாக்குறைக்கு ஒலியும் நமக்குச் சாதகம் செய்கிறது. அது நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு டிரம்ஸ் ஓசை 58 மில்லி விநாடி கழித்தே வருகிறது. ஒளி அந்தக் கணமே வந்துவிடும். மூன்று ஃபிரேம் பிந்திய படம் அவருக்கு முந்தி வந்ததாகவே தெரியும்!

எட்டுக்கு மேல் எதற்கு?

கண்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, குமிழ்களை எண்ணுவது. அறுபத்து நான்கு இருந்தால் நல்லது, முப்பத்திரண்டு இருந்தால் பரவாயில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஒரு பாட்டு நடக்கும் நான்கைந்து நிமிடத்தில் நான் உண்மையில் எவற்றைத் தொடுகிறேன் என்று மூன்று ஒத்திகைகளில் தாளில் கோடு போட்டு எண்ணினேன். ஏழு. மொத்த வெளிச்சம், இரண்டு படங்களின் கலவை, வேகம், நிறம், அளவு, ஒரு திரிபு விளைவு, எல்லாவற்றையும் ஒரே அடியில் இருட்டாக்கும் பொத்தான். மற்றதெல்லாம் பாட்டுக்குப் பாட்டு நடுவே ஆற அமர மாற்றிக்கொள்ளக் கூடியவை.

இதனால்தான் கோர்க் நிறுவனத்தின் நானோகண்ட்ரோல்2 பல படக்காரர்களின் பையில் இருக்கிறது. எட்டு ஃபேடர், எட்டுக் குமிழ், ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று சிறு பொத்தான், யு.எஸ்.பி. கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கட்டுமானம் மெலிது, ஃபேடர் குட்டை. இருந்தாலும் அளவான பெட்டி. படத்துண்டுகளை நிறையத் தட்டித் தட்டி எழுப்புகிறவர்களுக்கு அகாயின் ஏ.பி.சி.40 பொருத்தம். 2009இல் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளுக்காக வந்தது. ஐந்துக்கு எட்டாக அதன் பொத்தான்கள் அடுக்கியிருக்கும் விதம் ரெசல்யூம் திரையில் படத்துண்டுகள் அடுக்கியிருக்கும் விதத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. திரையில் இருக்கும் கட்டம் கையிலும் இருந்தால், மனம் இடையில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நோவேஷன் லாஞ்ச்பேடின் 64 பொத்தான்களும் அந்த வகையே. ஆனால் அதில் ஃபேடர் கிடையாது. விடியலைப் பொத்தானால் வரவழைக்க முடியாது.

டேப்லெட் கணினியில் குமிழ் படம் வரைந்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1997இல் பிறந்த ஓ.எஸ்.சி. என்ற நெறிமுறை வைஃபை வழியே தசம எண்களையே அனுப்புகிறது. 128 படித் தொல்லை இல்லை. ஒத்திகைக்கு அருமை. மேடைக்கு நான் எடுத்துப் போக மாட்டேன். கண்ணாடிக்கு ஓரம் கிடையாது, விரல் எங்கே இருக்கிறதென்று விரலுக்கே தெரியாது. அரங்கில் ஐந்நூறு பேர் ஐந்நூறு கைப்பேசிகளோடு வந்து உட்கார்ந்ததும் வைஃபை திணறும். மாலை நான்கு மணிச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் ஆபத்து.

கடையில் யாரும் சொல்லித் தராத ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் பாட்டில் மூன்றாவது ஃபேடர் நிறத்தைப் பிடித்திருந்தது. அதை உச்சியில் விட்டுவிட்டீர்கள். இரண்டாவது பாட்டுக்கு அமைப்பை மாற்றினால் அதே ஃபேடருக்கு அளவு என்ற வேலை. கணினியில் அதன் மதிப்பு 10. ஆனால் கட்டை நிற்பதோ 127இல். சும்மா தொட்டாலே போதும், படம் பத்திலிருந்து நூற்றிருபத்தேழுக்குப் பாயும். இதற்கு மூன்று விதப் பரிகாரம் செய்திருக்கிறார்கள். பெஹ்ரிங்கரின் பி.சி.எஃப்.2000இல் ஒவ்வொரு ஃபேடருக்கும் அடியில் ஒரு மோட்டார். அமைப்பை மாற்றியதும் கட்டைகள் பேய் தள்ளியதுபோலத் தாமாக ஓடி உரிய இடத்தில் நிற்கும். பார்க்க ஆனந்தம், தூக்கக் கனம். மிடி ஃபைட்டர் ட்விஸ்டரில் ஃபேடரே இல்லை. முடிவின்றிச் சுற்றும் 16 குமிழ்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவளையம். குமிழுக்கு நிரந்தரமான இடமில்லாததால் தாவலும் இல்லை. ஆனால் அளவு தெரிய வளையத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, மென்பொருளின் தந்திரம்: கட்டை பழைய மதிப்பைக் கடக்கும்வரை அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. காசில்லாத வழி. எனக்கு இதுவே பிடிக்கும், அதைவிட ஒரு ஃபேடருக்கு ஒரே வேலை என்று விட்டுவிடுவது இன்னும் பிடிக்கும்.

கண்ட்ரோலர் பெட்டி வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐஸ்லாந்தில் பிறந்த ஸ்டெய்னா வசுல்கா முறையாக வயலின் கற்றவர். பிறகு வீடியோக் கலையின் முன்னோடிகளில் ஒருவரானார். 1990களில் அவர் ஐந்து தந்தி மிடி வயலின் ஒன்றை லேசர் டிஸ்க் இயந்திரத்தோடு இணைத்து மேடையில் வாசித்தார். விரல் விழும் இடத்துக்கு ஏற்பக் காட்சி முன்னே ஓடியது, பின்னே ஓடியது, நின்றது. அத்தனை ஆண்டுச் சாதகம் விரலில் இருக்கும்போது அவர் எதற்குப் புதிதாக ஒரு குமிழைப் பழக வேண்டும்?

ஒட்டுப்பலகையும் அரிசி மணியும்

நான் செய்த பெட்டிக்கு வருகிறேன். எட்டு ஃபேடர், எட்டுக் குமிழ், பன்னிரண்டு பொத்தான். மூளையாக ப்ரோ மைக்ரோ என்ற விரல் நீளப் பலகை. ஆர்டுயினோ குடும்பத்தைச் சேர்ந்தது; அதில் உள்ள ஏடிமெகா32யு4 சில்லு கணினியிடம் தன்னையே ஒரு மிடி கருவி என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். தனி டிரைவர் வேண்டாம். ஆரம்பப் பாடங்களில் வரும் ஆர்டுயினோ ஊனோ இதை நேரடியாகச் செய்யாது. வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. மற்ற சாமான்களைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரே பகலில் சேர்த்துவிடலாம். நானும் அங்கேதான் ஒரு பெட்டியில் குவித்து வைத்திருந்த ஃபேடர்களை மலிவு என்று அள்ளினேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேடரும் குமிழும் உள்ளுக்குள் ஒன்றுதான்: ஒரு மின்தடைப் பட்டை, அதன் மேல் வழுக்கிச் செல்லும் ஒரு தொடுமுனை. பட்டையின் ஒரு முனைக்கு 5 வோல்ட், மறுமுனைக்குச் சுழியம் கொடுத்தால், தொடுமுனையில் இடத்துக்கு ஏற்ற வோல்டேஜ் கிடைக்கும். சில்லு அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். அதை எட்டால் வகுத்தால் மிடியின் 127. பதினாறு தடைகளைப் படிக்க அத்தனை கால்கள் சில்லில் இல்லை என்பதால், நடுவில் 4067 என்ற பதினாறு வழி மாற்றிச் சில்லு ஒன்று. கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் பதினாறு இலைக்கும் சாம்பார் விடுவது போல, அது ஒவ்வொரு ஃபேடராகச் சுற்றி வரும். ஒரு சுற்று முடிவதற்குள் நம் விரல் ஒரு மயிரிழைகூட நகர்ந்திருக்காது.

முதல் நாள் சோதனையில் படத்துக்குக் குளிர்ஜுரம் வந்தது. ஃபேடரை நட்டநடுவில் விட்டுக் கையை எடுத்த பிறகும் திரையில் வட்டம் இடமும் வலமுமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. எண்களை அச்சிட்டுப் பார்த்தேன்: 511, 512, 511, 511, 512. மின்சாரம் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. ஓர் எண் முன்னே பின்னே ஆடுவது அதற்கு மூச்சு விடுவது போல. எட்டால் வகுக்கும்போதோ 511 என்பது 63 ஆகிறது, 512 என்பது 64 ஆகிறது. எல்லைக் கோட்டின் மேல் கட்டை நின்றதால், ஆயிரத்தில் ஒரு பங்கு ஆட்டம் திரையில் பதினைந்து புள்ளி ஆட்டமாகிவிட்டது. நிரலுக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் கற்றுக்கொடுத்தேன்: புதிய எண் பழையதிலிருந்து ஐந்தாறாவது விலகினால் ஒழிய வாயைத் திறக்காதே. கூடவே மாற்றிச் சில்லின் அருகில், 104 என்று அச்சிட்ட ஒரு சின்ன மின்தேக்கியை மின்வழியின் குறுக்கே சால்டர் வைத்தேன். பத்துக்குப் பின் நான்கு சுழியம், அதாவது ஒரு லட்சம் பிகோஃபாரட் என்பது அதன் கணக்கு. ஜுரம் இறங்கியது.

பொத்தானின் வியாதி வேறு. ஒருமுறை அழுத்தினால் படத்துண்டு மூன்று முறை தொடங்கியது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு, கைதவறி விழுந்த எவர்சில்வர் தட்டுப் போலச் சில மில்லி விநாடிகள் அதிர்ந்துதான் அடங்குகிறது. முதல் ஓசை கேட்டபின் பத்து மில்லி விநாடி காதை மூடிக்கொள் என்று நிரலில் எழுதினால் தீர்ந்தது. பன்னிரண்டு பொத்தான்களையும் மூன்றுக்கு நான்காக வலைபோல் பின்னினால் ஏழு கம்பிகளே போதும். ஆனால் செவ்வகத்தின் மூன்று மூலைப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும்போது, தொடாத நான்காவது மூலையும் அழுத்தியதாகப் பொய் சொல்லும். ஒவ்வொரு பொத்தானோடும் ஒரு 1என்4148 டையோடு சேர்த்தால் மின்சாரம் பின்வழியாகப் புகாது, பொய்யும் நிற்கும். பன்னிரண்டு டையோடும் ஒரு டீ காசுக்குள் வரும். அவற்றை மிச்சம் பிடிக்காதீர்கள்.

நிறம் மாறும் எல்.இ.டி.களைப் பொத்தானுக்கொன்று வைக்க ஆசை வரும். அந்த வகை ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். பன்னிரண்டு வைத்தால் முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு; வழக்கமான யு.எஸ்.பி. 2.0 வாயில் கிடைப்பது அரை ஆம்பியர். மேலும் இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த வெள்ளை குத்தினால், அடுத்த சில நிமிடங்களுக்கு மேடையே தெரியாது. மங்கலான சிவப்பு போதும்.

கூட்டுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எடுத்தேன். டிரில் முனை வழுக்கி மேஜையைத் துளைத்தது. பிறகு மெல்லிய ஒட்டுப்பலகை. வட்டத் துளை சுலபம். ஃபேடருக்கான 60 மில்லிமீட்டர் நீளப் பிளவுகள் எட்டையும் நேராக அறுக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. எழுத்து ஒட்டுவதில் பயனில்லை, இருட்டில் படிக்க முடியாது. மூன்றாவது ஃபேடரின் தலையில் ஓர் அரிசி மணியைப் பசை வைத்து ஒட்டினேன், ஆறாவதில் இரண்டு. விரல் அரிசியைத் தொட்டதும் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். வெளிச்சத்தின் தலைமை ஃபேடர் வலது ஓரத்தில், மற்றவற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளி. இருட்டாக்கும் பொத்தான் விளையாட்டு இயந்திரங்களில் இருக்குமே, அந்தப் பெரிய 30 மில்லிமீட்டர் பொத்தான். இடது ஓரம், பதற்றத்திலும் தவறாது.

ஒலிக்காரரோடு சண்டை வராமல் இருக்க ஒரு குறிப்பு. பழைய 5 முனை மிடி இணைப்பில் ஒரு கருவியிலிருந்து மறுகருவிக்கு மின்சாரம் நேராகக் கடப்பதில்லை. வாங்கும் பக்கத்தில் ஒரு நுண்விளக்கு மினுக்க, எதிரே ஓர் ஒளியுணரி அதைப் படிக்கிறது. அதனால் இரு பக்கத்து எர்த்தும் கலக்காது, அந்தக் கம்பி வழியாக ஸ்பீக்கரில் உறுமல் ஏறாது. கம்பியையும் 15 மீட்டர் வரை இழுக்கலாம். யு.எஸ்.பி.யில் அந்தக் காப்பு இல்லை, 5 மீட்டருக்கு மேல் நம்பவும் கூடாது. உங்கள் கணினியைப் பொருத்தியதும் 'ம்ம்ம்' என்று அரங்கம் உறுமினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தைத்தான்.

பாதி என்பது எது?

இனி அந்த விடியாத விடியல். ஒளியைக் கையால் வாசிக்கும் ஆசை மிகப் பழையது. பிரான்ஸின் யேசு சபைத் துறவி லூயி பெர்த்ராந் கஸ்தெல், கட்டையை அழுத்தினால் நிறம் தோன்றும் கண்களுக்கான ஒரு வாத்தியத்தைப் பற்றி 1725இலேயே எழுதினார். 1922இல் நியூயார்க்கில் தாமஸ் வில்ஃபிரட் தன் கிளாவிலக்ஸ் என்ற ஒளிக்கருவியை மக்கள் முன் வாசித்தார். எனக்கு இவர்களைவிட முக்கியமானவர், பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பியானோக் கலைஞராக இருந்த மேரி ஹாலக் கிரீனவால்ட். அவர் செய்த ஒளிவாத்தியத்துக்குத் தாயின் நினைவாக சாரபெட் என்று பெயரிட்டார். விளக்கை நேர்விகிதத்தில் ஏற்றினால் கண்ணுக்கு அது நேர்விகிதமாகத் தெரியாது என்று கண்டு, நேர்விகிதத்தில் ஏறாத ஒரு மின்தடைக் கருவியைத் தாமே உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அதை மீறியதாக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 1934இல் வென்றார்.

அவர் கண்டதை நான் கவனிக்காமல் விட்டதே கோளாறு. நம் புலன்கள் எவையும் அளவுகோல் மாதிரி நேராக வேலை செய்வதில்லை. இன்றைய திரைகள் கண்ணுக்கான வளைவை உள்ளேயே வைத்திருக்கின்றன. கணினி பாதி என்று சொன்னால் திரையிலிருந்து உண்மையில் வெளிவருவது முழு வெளிச்சத்தில் 22 விழுக்காடுதான். ஆனால் கண் அதைப் பாதியாகவே உணர்கிறது. அதாவது வளைவு ஏற்கெனவே போட்டாயிற்று. ஃபேடர் நேராக இருந்தால் போதும்.

நான் அள்ளிவந்த ஃபேடர்கள் நேரானவை அல்ல. அவை ஒலிக்கலவைப் பலகைக்காகச் செய்தவை. காதுக்கும் ஒரு வளைவு தேவை என்பதால், பாதி தூரம் தள்ளினாலும் மின்தடையில் சுமார் 15 விழுக்காடே நகரும்படி அவற்றை வார்த்திருக்கிறார்கள். அந்த 15 விழுக்காட்டைத் திரை தன் வளைவில் இன்னொரு முறை மடக்கியது. விடை: பாதி தூரத்தில் ஒன்றரை விழுக்காடு வெளிச்சம். மிச்ச 98 விழுக்காடும் கடைசிப் பாதியில் குவிந்திருந்தது. காதுக்குத் தைத்த சட்டையைக் கண்ணுக்குப் போட்டுவிட்டேன்.

நிரலில் திருத்தலாம், செய்தும் பார்த்தேன். எட்டு ஃபேடரும் எட்டு விதமாக வளைந்திருந்ததால் ஒரு திருத்தம் இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. கழற்றிவிட்டு நேரானவற்றைப் போட்டேன். அடுத்த நிகழ்ச்சியில் ஆலாபனை முடியுமுன் பொழுது ஒழுங்காக விடிந்தது.

ஆசிய ஃபேடர்களின் அடியில் '10கே' என்ற எண்ணோடு ஆங்கில 'ஏ' இருந்தால் பெரும்பாலும் வளைந்தது, 'பி' இருந்தால் நேரானது. பழைய ஐரோப்பியச் சரக்கில் இது தலைகீழாகவும் வரும். ஆகவே எழுத்தை நம்பாதீர்கள். கடைக்கு ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். கட்டையை நட்டநடுவில் நிறுத்தி, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே அளந்து பாருங்கள். பத்துக்கு ஐந்து காட்டினால் காசைக் கொடுங்கள்.